வாக்கு கூடினால் இடம் குறையும்: ஜெர்மனியில் ஒரு சூத்திரம் நீதிமன்றம் ஏறிய கதை

"நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்கிறதே, எதை வைத்து அளக்கிறார்கள்? அது அந்த நீதிபதிகளின் சொந்த அபிப்பிராயம்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலான வழக்குகளில் இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால், ஜெர்மனியில் ஒரு வழக்கில் பள்ளிக் கணக்கே அளவுகோலாக வந்து நின்றது. நீதிமன்றம் அரசியலுக்குள் எந்த இடத்தில் நுழைகிறது, எங்கே நின்றுகொள்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

2005 செப்டம்பர் 18 அன்று ஜெர்மனியில் பொதுத்தேர்தல். டிரெஸ்டன் நகரின் ஒரு தொகுதியில் மட்டும், வேட்பாளர் ஒருவர் இறந்துவிட்டதால், வாக்குப்பதிவு அக்டோபர் 2-க்குத் தள்ளிப்போனது. மற்ற 298 தொகுதிகளின் முடிவும் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் அணிக்கு 225 இடங்கள், சமூக ஜனநாயகக் கட்சிக்கு 222. ஒவ்வொரு இடமும் முக்கியம். அப்போதுதான் தேர்தல் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கண்டுசொன்னார்கள்: டிரெஸ்டனில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி சுமார் 41,000-க்கு மேல் கட்சி வாக்குகளைப் பெற்றால், நாடாளுமன்றத்தில் அதற்கு ஓரிடம் குறைந்துவிடும்!

இது எப்படி நடக்கும்?

ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு. அன்று அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி பெற்றார், நம் ஊர் முறையேதான். இரண்டாம் வாக்கு கட்சிக்கு. எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை இடங்கள் என்பதை இரண்டாம் வாக்கு தீர்மானிக்கிறது. கணக்கு இரண்டு படிகளில் நடந்தது. முதலில், நாடு முழுவதும் வாங்கிய வாக்குகளைக் கொண்டு கட்சியின் மொத்த இடங்கள். பிறகு, அந்த இடங்களைக் கட்சியின் மாநிலப் பட்டியல்களுக்குப் பிரித்துக்கொடுப்பது. ஒரு மாநிலத்தில் தனக்கு ஒதுக்கப்பட்டதைவிட அதிகமான தொகுதிகளில் கட்சி நேரடியாக வென்றிருந்தால், அன்றைய விதிப்படி கூடுதலாக வென்றவர்களையும் வெளியே அனுப்பவில்லை. அந்த இடங்கள் மிகை இடங்களாகக் கட்சியிடமே தங்கிவிட்டன.

இனி ஒரு கற்பனைக் கட்சியை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் அதற்கு 10 இடங்கள் உண்டு. 'அ' மாநிலத்தில் 4,40,000 வாக்குகள், 'ஆ' மாநிலத்தில் 5,60,000, மொத்தம் பத்து லட்சம். பத்து இடங்களைப் பிரித்தால் அ-வுக்கு 4.4, ஆ-வுக்கு 5.6. முழு எண்கள் 4-உம் 5-உம் போக மீதம் ஓரிடம். பெரிய பின்னம் ஆ-வுடையது, ஆகவே அது ஆ-வுக்குப் போகிறது. அ-வுக்கு 4, ஆ-வுக்கு 6. ஆனால் அ மாநிலத்தில் கட்சி 5 தொகுதிகளில் நேரடியாக வென்றிருக்கிறது என்று வையுங்கள். அந்த ஐவரும் உள்ளே வருவார்கள். மொத்தம் 5 + 6 = 11.

இப்போது அ மாநிலத்தில் இன்னும் 20,000 பேர் ஆர்வத்தோடு வந்து அதே கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். தேசிய அளவில் பதினோராவது இடத்தைப் பெற்றுத்தர அது போதவில்லை. பத்து பத்தாகவே இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அ-வுக்கு 4.51, ஆ-வுக்கு 5.49. மிச்சமிருந்த ஓரிடம் இந்த முறை அ-வுக்கு வருகிறது: அ 5, ஆ 5. அ மாநிலத்தில் ஏற்கெனவே ஐந்து பேர் உள்ளே இருக்கிறார்கள், புதிதாக யாரும் வரப்போவதில்லை. நிரம்பி வழியும் குடத்தில் ஊற்றிய தண்ணீராக அந்த இடம் வீணாகிறது. ஆ மாநிலத்தில் பட்டியலின் கடைசியில் இருந்தவர் வீட்டுக்குப் போகிறார். மொத்தம் 10.

இருபதாயிரம் பேர் ஆதரித்ததன் பலன், ஓரிடம் போயிற்று! ஒரு காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கில் பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை, ஆனாலும் முடிவு உள்ளங்கையில் மின்சாரம் பட்டதுபோல் திடுக்கிட வைக்கிறது. பிழை எந்த ஒரு விதியிலும் தனியாக இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுப்பது நியாயமான விதி. தொகுதியில் வென்றவரை வெளியேற்றாமல் இருப்பதும் நியாயமான விதி. இரண்டும் சேரும்போதுதான் வாக்கு தலைகீழாக வேலை செய்கிறது. முழு எண்ணாக்கும் முறையை மாற்றினாலும் இது போகாது.

டிரெஸ்டன் வாக்காளர்கள் கணக்கைப் புரிந்துகொண்டார்கள் என்றே தெரிகிறது. அந்தத் தொகுதியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு 37 சதவீத முதல் வாக்குகள் விழுந்தன. கட்சிக்கான இரண்டாம் வாக்கோ 24.4 சதவீதம்தான். ஆபத்தான எல்லைக்குக் கீழேயே நின்றதால் தொகுதியையும் வென்று, அணியின் பலம் 226 ஆனது. தன் கட்சிக்கு நன்மை செய்ய அதற்கு வாக்களிக்காமல் இருக்க வேண்டும் என்ற நிலையில் மக்களை நிறுத்துவது எப்பேர்ப்பட்ட கொடுமை! அதுவும், டிரெஸ்டன்காரர்களுக்காவது மற்ற முடிவுகள் முன்கூட்டியே தெரிந்திருந்தன. மற்ற இடங்களில் வாக்களித்தவர்களுக்கு, தங்கள் வாக்கு கட்சியைத் தூக்குகிறதா தள்ளுகிறதா என்று அறிய வழியே இல்லை.

வாக்காளர்கள் இருவர் கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, வாக்கு நேரடியானதாகவும் சமமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2008 ஜூலை 3 அன்று நீதிமன்றம் இந்த விதிகள் அந்தப் பிரிவை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. வாக்கு கூடும்போது இடம் குறையலாகாது என்பதே அளவுகோல். கணிதத்தில் இந்தப் பண்பை ஒருபோக்குத்தன்மை என்போம்: உள்ளிடுவது கூடினால் வெளிவருவது குறையக்கூடாது. சமம் என்ற பெரிய சொல் இங்கே யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு சோதனையாக மாறிவிட்டது. நீதிபதிகளின் விருப்பு வெறுப்புக்கு அங்கே அதிக இடமில்லை.

புதிய சூத்திரத்தை நீதிமன்றம் எழுதித்தரவில்லை. அதை நாடாளுமன்றத்திடமே விட்டு, 2011 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. இடையில் வந்த 2009 தேர்தல், குறை தெரிந்த அதே சட்டத்தின்படி நடந்தது. சீர்திருத்தம் சிக்கலானது, அவசரத்தில் செய்ய முடியாது என்பது நீதிமன்றத்தின் காரணம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தவறு என்று அறிந்த பிறகு ஒரு முழுத் தேர்தலை அதன்படி நடத்துவது மனத்தை உறுத்துகிறது. அந்தத் தேர்தலில் 24 மிகை இடங்கள் உருவாயின, எல்லாமே ஒரே அணிக்கு.

நாடாளுமன்றம் காலக்கெடுவையும் தவறவிட்டது. பிறகு ஆளுங்கூட்டணி தன் வாக்குகளால் மட்டும் நிறைவேற்றிய சட்டத்திலும் அதே நோய் இருந்தது. 2012 ஜூலை 25-இல் நீதிமன்றம் அதையும் வீழ்த்தியது, இந்த முறை அவகாசமே இல்லாமல். அடுத்த ஆண்டு தேர்தலை வைத்துக்கொண்டு, இடங்களைப் பங்கிடச் செல்லுபடியான சட்டம் இல்லாத நாடாக ஜெர்மனி நின்றது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த கட்சிகள் அப்போதுதான் ஒரே மேசைக்கு வந்தன. ஒரு கட்சிக்கு மிகை இடம் வந்தால் மற்றவற்றுக்கும் ஈடு இடம் என்று முடிவாயிற்று. விளைவாக, 598 பேருக்கான அவை 2017-இல் 709 ஆகவும், 2021-இல் 736 ஆகவும் வீங்கியது.

இத்தகைய முரண்கள் புதியவையும் அல்ல. 1880-களில் அமெரிக்காவில், அவையின் இடங்களை 299-இலிருந்து 300 ஆக்கினால் அலபாமா மாநிலத்துக்கு 8 இடங்கள் 7 ஆகும் என்று கணக்கில் தெரியவந்தது. அதற்குப் பின் நூறாண்டுக்கு மேலாக வளர்ந்த இந்தக் கணிதத்துக்கு நம் பல்கலைக்கழகங்கள் பணமும் பணியிடமும் ஒதுக்க வேண்டும், சட்டக் கல்லூரிகளில் பாடமாகவும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூத்திரம் தெரியாத வழக்கறிஞர், சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் அநீதியை எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஜெர்மனிக்குத் திரும்புவோம். அங்கே 2023 சட்டம் அவையை 630 இடங்களோடு நிறுத்தியது. மிகை இடங்களும் ஈடு இடங்களும் ஒழிந்தன. தொகுதியில் வென்றாலும், கட்சியின் இரண்டாம் வாக்குப் பங்குக்குள் அடங்கினால்தான் உள்ளே வரலாம். இந்த விதியை 2024 ஜூலை 30-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2025 தேர்தலில் தொகுதியில் முதலிடம் பெற்ற 23 பேருக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்தத் தொகுதி மக்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், வாக்கு எதிர்த்திசையில் ஓடாத இந்த ஏற்பாட்டின் பக்கமே நான் நிற்பேன்.