எஸ்க்ரோ – நடுவர் வைப்பு

பம்பார்டியர் நிறுவனத்தின் சேலஞ்சர் 300 என்னும் வணிக ஜெட் 2001இல் முதன்முறை பறந்து, 2004இல் பயன்பாட்டுக்கு வந்தது. எட்டுப் பேருடன் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் இடைநில்லாமல் செல்லக்கூடிய அதனை, நடுத்தரத்துக்குச் சற்று மேற்பட்டது என்ற பொருளில் 'சூப்பர் மிட்சைஸ்' வகுப்பில் சேர்ப்பர். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த அத்தகைய விமானத்தை அமெரிக்காவில் விலைபேசுவோரின் பேச்சில் முதல் நாளிலேயே வந்துவிடும் சொல் 'எஸ்க்ரோ'.

விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொதுவான நடுவரிடம், நிபந்தனை நிறைவேறும்வரை கொடுத்துவைக்கும் பணத்தையே இன்று அது பெரும்பாலும் குறிக்கிறது. ஆனால் இச்சொல் முதலில் பணத்தைக் குறிக்கவில்லை. தோல்நறுக்கு, தோற்சுருள் எனப் பொருள்பட்ட பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து இது ஆங்கிலச் சட்டமொழிக்குள் வந்தது; சுருளைக் குறிக்கும் 'ஸ்க்ரோல்' என்பதும் இதற்கு உறவுச்சொல்லே. கையெழுத்திட்டு முத்திரை பதித்த ஆவணத்தை எதிர்த்தரப்பிடம் கொடுக்காமல் மூன்றாமவரிடம் கொடுத்துவைத்து, குறித்த நிபந்தனை நிறைவேறிய பிறகே அது உயிர்பெறும் என்று ஏற்படுத்திக்கொண்டால், அந்த ஆவணத்துக்கே எஸ்க்ரோ என்று பெயர். முறிந்த துண்டு, ஓலைநறுக்கு என்று தொடங்கி, கடன் ஆவணத்தைக் குறிக்க வந்த நம் 'முறி'யும் இதே தடத்தில் நடந்த சொல்தான்; இலங்கையில் 'பிணைமுறி' இன்றும் வழக்கில் உள்ளது.

விமான விற்பனையில் அந்தப் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றாகவே வாழ்கின்றன. வாங்குபவரின் முன்பணம் நடுவரின் கணக்கில் இருக்கும். வாங்குபவர் தம் செலவில் விமானத்தைச் சோதிக்கிறார். பொறியின் உள்ளே போரோஸ்கோப் என்னும் நுண்குழாய்க் கருவியை நுழைத்து அங்கே சுழலும் தகடுகளைப் பார்ப்பதும், பராமரிப்புப் பதிவேடுகளை ஏடு ஏடாகப் புரட்டுவதும் அச்சோதனையில் அடங்கும். அது முடிந்து விமானத்தை ஏற்பதாக அவர் எழுதிக் கொடுக்கும்வரை முன்பணத்தைத் திரும்பப் பெறலாம். அதன்பின் பொதுவாக முடியாது. விற்பவரோ, கையொப்பமிட்டுத் தேதியிடாத விற்பனைப் பத்திரத்தை அதே நடுவரிடம் ஒப்படைத்திருப்பார்.

தமிழில் இதற்கு எது பொருந்தும்? 'அச்சாரம்' விற்பவர் கையிலேயே சேர்ந்துவிடுவதால் பொருந்தாது. 'பிணை' பிறர் பொறுப்பேற்பது. 'ஈடு' கடனுக்கு எதிராக வைப்பது. 'அடைக்கலப் பொருள்' அழகான சொல்தான், ஆனால் அது கொடுத்தவரிடமே திரும்ப வேண்டியது. எஸ்க்ரோவில் உள்ளதோ நிபந்தனையைப் பொறுத்து இரு தரப்பாரில் எவரிடமும் போகலாம். பேச்சில் 'பொது ஆளிடம் கொடுத்து வைப்பது' என்கிறோமே, பொருள் முழுவதும் அதிலேயே இருக்கிறது. எழுத்தில் பணத்துக்கு 'நடுவர் வைப்பு' என்றும், ஆவணத்துக்கு 'நடுவர் முறி' என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. 'மூன்றாம் தரப்பு நிபந்தனைக் காப்பு வைப்பு' போன்ற நீளமான ஆக்கங்கள் படிவத்தில் மட்டுமே பிழைத்திருக்கும்.

விற்பனை முடிவடையும் நாளில் இரு தரப்பாரும் நடுவரும் ஒரே தொலைபேசி இணைப்பில் கூடுவர். முழுத்தொகையும் வந்துசேர்ந்ததாக நடுவர் அறிவித்ததும், வாங்குபவர் பணத்தை விடுவிக்கச் சொல்வார், விற்பவர் பத்திரத்தை விடுவிக்கச் சொல்வார். நடுவர் பத்திரத்தில் தேதியை நிரப்பி, ஓக்லஹோமா நகரிலுள்ள அமெரிக்க விமானப் பதிவகத்தில் தாக்கல் செய்வார்.