மரநாய் எச்சத்தில் எந்தப் புழுவின் முட்டை?

சென்னையின் பழைய வீடுகளில் இரவு பரணில் தடதடவென ஓடுவது எப்போதும் எலியாக இருப்பதில்லை. சில வீடுகளில் அது மரநாய். மதில், தண்ணீர்த் தொட்டி மூடி என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும். குடல் புழுக்களை அடையாளம் காண விரும்புவோருக்கு பெரும்பாலும் அந்த எச்சமே போதும். விலங்கைப் பிடிக்க வேண்டியதில்லை; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதை அனுமதிப்பதும் இல்லை.

இந்த வேலைக்கு முதல் இடைஞ்சல் நம் ஊர் வெயில். 30 டிகிரி சூட்டில் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரித்துவிடும். மறுநாள் மாலை எடுத்த எச்சத்தில் முட்டைக்குப் பதில் இளம்புழு நெளியும். அதற்குள் மண்ணில் தானாக வாழும் நூற்புழுக்களும் ஏறிவிட்டால் குழப்பம் இரட்டிப்பு. எனவே விடியற்காலையில், கையுறையுடன், தரையில் படாத உட்பகுதியை மட்டும் எடுத்து 4 டிகிரியில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் முட்டை உருக்குலையும். ஃபார்மலினில் போட்டாலும் கையுறையைக் கழற்ற வேண்டாம்: டாக்சோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டை நீர்த்த ஃபார்மலினுக்குள்ளேயே வளர்ந்து இளம்புழுவாகும் அளவுக்குக் கெட்டியானது.

எச்சத்திலிருந்து முட்டையைப் பிரித்து மிதக்கவிட உப்புக் கரைசல் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 400 கிராம் கல்லுப்பைக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். ஆறியபின் அடியில் கொஞ்சம் உப்பு தங்கினால்தான் கரைசல் செறிவாகி ஒப்படர்த்தி 1.20-ஐ எட்டியிருக்கும். தெளிந்ததை இறுத்து, 45 மில்லியில் 3 கிராம் எச்சத்தைக் கரைத்து டீ வடிகட்டியில் வடிக்கவும். பழ விதையும் தோலும் நிறைய இருக்கும் என்பதால் இரண்டு முறை வடிப்பது நல்லது. சோதனைக் குழாயில் விளிம்புக்கு மேல் சற்றே உப்பும்வரை ஊற்றி, கவர்ஸ்லிப்பை மேலே வைத்து, 15 நிமிடம் கழித்து நேராகத் தூக்கி ஸ்லைடில் இடவும். உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். மின்விசிறிக் காற்றில் உப்பு பூத்துவிடும், மெல்லிய ஓட்டு முட்டைகளும் சுருங்கும்.

எல்லா முட்டையும் உப்பில் மிதக்காது. கரப்பான், வண்டு வழியாகப் பரவும் பைசலாப்டெரா வகை வயிற்றுப்புழுவின் முட்டை கனமானது. அதற்கு 355 மில்லி நீரில் 454 கிராம் சர்க்கரை கரைத்த பாகு (ஒப்படர்த்தி 1.27) பொருந்தும். பாகு கெட்டி என்பதால் சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டியிருக்கும்.

அளக்காமல் பெயர் வைக்கக்கூடாது. டாக்சோகாரா முட்டை ஏறக்குறைய உருண்டை, 65 முதல் 90 மைக்ரான், உள்ளே கரும்பழுப்பு. ஓட்டின் மேல் இட்லித் துணித் தடம்போலச் சிறு குழிகள். கொக்கிப்புழு முட்டை நீள்வட்டம், சுமார் 60க்கு 40 மைக்ரான், மெல்லிய ஓடு, உள்ளே சில செல்கள். இருமுனையிலும் மூடி வைத்த பீப்பாய் வடிவம் தெரிந்தாலே பலரும் அவசரப்பட்டுச் சாட்டைப்புழு என்று எழுதிவிடுகிறார்கள். 50 முதல் 65 மைக்ரான் நீளமும் ஓட்டில் கோடுகளும் இருந்தால் அது எலியின் ஈரலில் வாழும் கேப்பிலேரியா ஹெபாட்டிகாவாக இருக்கக்கூடும். மரநாய் எலியைத் தின்றிருக்கும். அந்த முட்டை அதன் குடல் வழியே சும்மா கடந்து வந்திருக்கும், அவ்வளவுதான். மரநாய்க்கு அந்தப் புழு இருக்கிறது என்று பொருளல்ல.

கொக்கிப்புழுவில் எந்த இனம் என்பதை முட்டை காட்டிக்கொடுக்காது. 1911-ல் ஜெர்மன் ஒட்டுண்ணியியலாளர் லூஸ் மரநாயின் உறவான இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து விவரித்த ஆன்சைலோஸ்டோமா சிலானிகம் என்ற கொக்கிப்புழு நாய், பூனை, மனிதர் குடலிலும் வாழ்கிறது. அதைப் பிரித்தறிய முதிர்ந்த புழுவின் வாயைத்தான் பார்க்க வேண்டும்: சிலானிகத்துக்கு ஒரு ஜோடி பெரிய பல்லும் ஒரு ஜோடி சிறு பல்லும், நாயின் கொக்கிப்புழுவான கேனைனத்துக்கு மூன்று ஜோடி. சாலையில் அடிபட்ட மரநாயை வனத்துறை உடற்கூறாய்வுக்கு அனுப்பும்போதுதான் அப்படிப் புழு கிடைக்கும். அதைச் சூடான 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் நேராக நிமிரும், குளிர்ந்ததில் சுருண்டுவிடும். பிறகு லாக்டோபீனாலில் ஊறவைத்தால் உடல் கண்ணாடிபோலத் தெளிந்து பல் தெரியும். டிஎன்ஏ சோதனையும் வேண்டுமென்றால் ஒரு புழுவைத் தனியாக ஆல்கஹாலிலேயே வைத்துவிடுங்கள்; ஃபார்மலின் பட்டால் அது பாழ்.