‘குதிரை சிகிச்சை’ யாருக்கு?

மனக்காயம் பட்டவர்களையும் உறவில் முறுகல் கண்ட குடும்பங்களையும் குதிரைகளோடு பழகவிட்டு ஆற்றும் முறையைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ‘குதிரை சிகிச்சை’ என்றே எழுதுகிறார்கள். ஒற்று விடுபட்டது கிடக்கட்டும். இதைப் படிக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, நொண்டும் குதிரைக்கு லாயத்தில் மருந்து கட்டுகிற காட்சிதான்.

மூலச்சொல் ஈக்வைன் தெரபி. ஈக்வஸ் என்றால் இலத்தீனில் குதிரை. தெரபியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பணிவிடை, பேணுதல், குணப்படுத்துதல் என்று பொருள் உண்டு. சொற்பிறப்பு இவ்வளவுதான்; சிக்கல் அங்கே இல்லை.

சிக்கல் தொகையில், அதாவது வேற்றுமை உருபு மறைந்து இரு சொற்கள் சேர்வதில் இருக்கிறது. குதிரைச் சிகிச்சை என்பதைக் குதிரையால் செய்யும் சிகிச்சை என்று மூன்றாம் வேற்றுமையில் விரிக்கலாம். குதிரைக்குச் செய்யும் சிகிச்சை என்று நான்காம் வேற்றுமையிலும் விரிக்கலாம். இசை சிகிச்சை என்றால் குழப்பம் வராது, இசைக்கு நோய் வராது என்பதால். குதிரைக்கு வரும். மாட்டு வைத்தியம் என்றால் மாட்டுக்குத்தானே? விலங்கின் பெயருக்குப் பின்னால் மருத்துவம் வந்தால் நோயாளி அந்த விலங்குதான் என்பது நம் காதில் ஊறிய வழக்கு. ‘அசுவ சிகிச்சை’ என்று மாற்றிக் கம்பீரம் சேர்ப்பவர்கள் இன்னும் ஆழமாக விழுகிறார்கள். வடமொழியில் அது பழங்காலந்தொட்டே குதிரை வைத்தியத்தின் பெயர். சாலிகோத்திர முனிவர், பாண்டவரில் ஒருவனான நகுலன் ஆகியோரின் பெயர்களில் அந்தத் துறைக்கு நூல்களே உண்டு. தனித்தமிழ் அன்பர்கள் சொல்லும் ‘பரி மருத்துவம்’ நரியைப் பரியாக்கிய கதை தெரிந்தவருக்குத்தான் விளங்கும். விளங்கினாலும் பழைய குழப்பம் அப்படியே நிற்கும்.

இன்னும் சிலர் எழுதும் ‘குதிரையேற்றச் சிகிச்சை’தான் என்னை மிகவும் உறுத்துவது. மனநலத்துக்கான இந்தப் பணியில் பெரும்பாலும் யாரும் குதிரைமேல் ஏறுவதே இல்லை. 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா அமைப்பின் முறையில் எல்லாமே தரையில் நின்றுதான்; மனநல வல்லுநர் ஒருவரும் குதிரை அறிந்தவர் ஒருவரும் உடன் இருப்பார்கள். தலைக்கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்திவரச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். கயிற்றைக் கையில் சுற்றி இறுக்கி, தோளை விறைத்துக்கொண்டு இழுப்பவரைக் கண்டால் குதிரை கழுத்தை உயர்த்தும், காதைப் பின்னால் மடக்கும், காலை ஊன்றி நிற்கும். அவர் மூச்சு விட்டுக் கயிற்றைத் தளர்த்தினால் பெரும்பாலும் காது முன்னே திரும்பும், ஓரடி வரும். வேட்டைக்கு அஞ்சி வாழ்ந்த விலங்கு அது. பக்கத்தில் நிற்பவரின் உடல் இறுக்கத்தை உற்று வாசிக்கும். தாயும் மகனும் சேர்ந்து ஒரு குதிரையை நடத்தும்போது யார் இழுக்கிறார், யார் விட்டுக்கொடுக்கிறார் என்பது வெளியே வந்துவிடும். அதைப் பற்றிப் பேசுவதுதான் பணி. இதில் ஏற்றம் எங்கே வந்தது?

ஏறிச் செய்பவை வேறு. 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியில் (டிரெஸ்ஸாஜ்) வெள்ளி வென்றார். மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றம் பரவ அந்த வெற்றி பெரிய தூண்டுதல். அதை நலக் குதிரையேற்றம் எனலாம். குதிரையின் நடை இடுப்புக்குத் தரும் அசைவை இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்துவது ஹிப்போதெரபி. அது குதிரைநடை இயன்முறை. மூன்றையும் ஒரே சாக்கில் கட்டினால், நடக்கச் சிரமப்படும் குழந்தையின் பெற்றோர் மனநல நிலையத்துக்குப் போய் நிற்பார்கள்.

என் தேர்வு குதிரைவழி ஆற்றுப்படுத்தல். தமிழ்வழிக் கல்வி, இணையவழி வகுப்பு என்று நாவில் பழகிய ‘வழி’ இருக்கும்போது நோயாளி யார் என்ற ஐயமே எழாது. ஆற்றுப்படுத்துநர் என்ற சொல் உளநலத் துறையில் கவுன்சலரைக் குறிக்க ஏற்கெனவே வழங்குகிறது. கவுன்சலிங்கை இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்பார்கள், அதுவும் நல்ல சொல். குதிரைவழி உளவளத்துணை என்றாலும் எனக்கு மறுப்பில்லை. குதிரையை வெறும் வழியாக்கலாமா, அது துணை அல்லவா என்று கேட்பவர்களின் நியாயம் புரிகிறது. ஆனால் ‘குதிரைத்துணை’ என்றால் குதிரைக்குத் துணையா, குதிரையே துணையா என்று மறுபடி தொகைச் சண்டை.

சிகிச்சை என்ற சொல்லைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த முறையைப் பற்றிய ஆய்வுகள் பலவும் சிறு குழுக்களை வைத்து நடந்தவை. நோய் தீர்க்கும் என்று அறுதியிட அவை போதா. நம் மொழிபெயர்ப்பாளர்களோ தெரபி என்று கண்டாலே சிகிச்சை என்று அச்சடிக்கிறார்கள். பேச்சு, கலை, தோட்டம், கடைசியில் ‘நாய் சிகிச்சை’ வரை வந்தாயிற்று. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதற்கு முன்னால், அங்கே யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒரு பத்தி படித்துப் பார்க்கக்கூடாதா?