ஃப்ரீ செய்த பிறகும் முகவரி அழிவதில்லை

சி நிரல்மொழியில் மாலாக் (malloc) என்ற செயற்கூறிடம் கேட்டால் நினைவகத்தில் இடம் ஒதுக்கி அதன் முகவரியைத் தரும். அதைப் பாயிண்டர் ஒன்றில், அதாவது முகவரியை வைக்கும் மாறியில், வைத்துக்கொள்கிறோம். வேலை முடிந்ததும் ஃப்ரீ (free) செயற்கூறை அழைத்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். சரி, அப்போது பாயிண்டருக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஃப்ரீயிடம் போய்ச் சேர்வது முகவரியின் நகல்தான். நம் மாறியை அதனால் மாற்ற முடியாது. இனி நமக்குச் சொந்தமில்லாத இடத்தின் முகவரி அதில் அப்படியே இருக்கும். இதற்கு டாங்லிங் பாயிண்டர் என்று பெயர்.

இதில் மோசமான விஷயம், அதன் வழியே படித்தால் பல நேரம் பழைய தரவே வந்துவிடும். நிரல் ஓடும், சோதனைகளிலும் தேறிவிடும். அப்புறம் ஒருநாள் வேறொரு மாலாக் அழைப்புக்கு அதே இடம் கிடைக்கும். பழைய பாயிண்டர் வழியே எழுதினால் அந்தப் புதிய தரவு கெடும். நிரல் விழுவதோ சம்பந்தமே இல்லாத வேறொரு வரியில். அதனால்தான் இந்தப் பிழையைத் தேடுவது அவ்வளவு பாடு. லினக்ஸில் மாலாக்கையும் ஃப்ரீயையும் தரும் ஜிலிப்சி (glibc) நூலகம், விடுவித்த துண்டுக்குள்ளேயே அடுத்த காலித் துண்டின் முகவரியை எழுதி வைப்பதுண்டு. அதன்மேல் எழுதினால் ஒதுக்கீட்டுக் கணக்கே குலையும். தாக்குபவர்கள் விரும்பித் தேடும் ஓட்டை இது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகம் சார்ந்தவை என்றும், அவற்றில் பாதி விடுவித்த இடத்தைத் தொடும் இந்த வகை என்றும் 2020இல் அந்தக் குழு வெளியிட்டது.

ஃப்ரீக்கு அடுத்த வரியிலேயே பாயிண்டரில் நல் (NULL), அதாவது எதையும் சுட்டாத மதிப்பை, வைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறித் தொட்டால், சாதாரணக் கணினிகளில் நிரல் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நல்லை மறுபடி ஃப்ரீ செய்தாலும் எதுவும் நடக்காது. சி தரநிலையே அப்படிச் சொல்கிறது.

ஆனால் இதையே முழுக் காப்பு என்று பலர் நம்புவது எனக்குக் கவலை தருகிறது. அதே முகவரி இன்னொரு மாறியிலோ, பல மாறிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு ஸ்ட்ரக்சருக்குள்ளோ இருந்தால் அந்த நகலில் யார் நல் வைப்பது? ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்கும் (realloc) தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, பழைய நகல்களையெல்லாம் செல்லாமல் ஆக்கிவிடலாம். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் அதை விடுவிக்கும் பொறுப்பு எந்தப் பகுதியுடையது என்று முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். ரஸ்ட் மொழியில் இந்தப் பொறுப்பைக் கம்பைலரே சரிபார்த்துவிடுகிறது. சியில் அது நம் ஒழுங்கு.

சோதனையின்போது நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரை இயக்குங்கள். அது விடுவித்த இடத்தை உடனே மறுபயன்பாட்டுக்கு விடாமல் கொஞ்ச காலம் தனியே வைத்திருக்கும். அதை யாராவது தொட்டால் தொட்ட வரி, ஃப்ரீ செய்த வரி, முதலில் ஒதுக்கிய வரி மூன்றையும் காட்டும்.