கெர்னல் கட்டிப் பழகுங்கள். கடைக் கணினியில் வேண்டாம்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்துப் பொறியியல் மாணவர்கள் லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மூல நிரலிலிருந்து தாங்களே கட்டிப் பார்க்க வேண்டும் என்று வந்து கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். லினக்ஸ் நிறுவத் தெரிந்தவர்கள் நிறைய பேர். உள்ளே என்ன ஓடுகிறது என்று திறந்து பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். என் கவலை அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றியது. கட்டிய கெர்னலைச் சித்தப்பா கடையிலோ தெரிந்தவர் மில்லிலோ உள்ள கணினியில் போட்டுவிட்டு, வேலை கிடைத்ததும் பெங்களூருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள்.

ஆலங்குளம் பக்கம் ஓர் அரிசி மில்லில் இப்படித்தான் ஆனது. லாரி எடை மேடையில் ஏறி நின்றதும் இண்டிகேட்டரில் தெரிகிற எடை, சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வந்து பில்லில் விழ வேண்டும். இப்போதைய கணினிகளில் சீரியல் போர்ட் இருப்பதில்லை என்பதால் நடுவே ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர். இடி மின்னலில் அது போய்விட, டவுனில் இன்னொன்று வாங்கி மாட்டியிருக்கிறார்கள். எடை வரவில்லை. “கேபிளையும் மாத்தியாச்சு, கன்வெர்ட்டரும் புதுசுதான் அண்ணாச்சி, என்ன கோளாறுன்னே தெரியல” என்றார் மேலாளர். வாசலில் நெல் லாரிகள் வரிசையாக நின்றன.

கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜ் பார்த்தால் யுஎஸ்பியில் ஏதோ செருகியிருப்பது கெர்னலுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கன்வெர்ட்டருக்கான சாதனக் கோப்பு, டிடிஒய்யுஎஸ்பி0, உருவாகவே இல்லை. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் கிடையாது. ஓடும் கெர்னலின் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளை கொடுத்ததும் 5.13 என்ற எண்ணும் அதன் வாலில் ஒரு பையனின் பெயரும் வந்தன. அந்தக் கணினியில் இருந்த லினக்ஸ் டெபியன் 11; அதன் சொந்தக் கெர்னல் 5.10 வரிசை. ஆக, இது கையால் கட்டியது.

அந்தப் பையன் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்துக் கட்டியிருந்தான். அந்த நேரத்தில் எந்தெந்த மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் டிரைவர் போன்ற துண்டுகள்) ஓடுகின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடும் கட்டளை அது. பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் இழுக்கும் வேலை வெகுவாகக் குறையும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். பழைய கன்வெர்ட்டரில் இருந்தது பிஎல்2303 சிப். அதன் டிரைவர் கெர்னலில் உண்டு. புதியது சிஎச்340. கட்டிய அன்று அது செருகப்படவில்லை, ஆகவே அதற்கான டிரைவரும் இல்லை. மறுபடி பூட் செய்து, எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று காட்டும் கிரப் பட்டியலில் டெபியனின் கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் எடை வந்துவிட்டது. நல்லவேளை, அதை அவன் அழிக்கவில்லை.

எடை வராதது கண்ணுக்குத் தெரிந்த கோளாறு. தெரியாத கோளாறு அதைவிடப் பெரிது. 5.13 வரிசைக்குத் திருத்தங்கள் வருவது 2021-லேயே நின்றுவிட்டது. 2022 மார்ச்சில் ‘டர்ட்டி பைப்’ என்ற ஓட்டை வெளியே வந்தது. 5.8 முதல் இருந்த பிழை அது; கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அதை வைத்து ரூட் அதிகாரத்தையே, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாட்டையே, எடுத்துக்கொள்ளலாம். 5.10.102, 5.15.25, 5.16.11 ஆகியவற்றில் சரிசெய்தார்கள். டெபியனின் புதுப்பிப்புக் கருவியான ஆப்ட் மூலம் அதன் கெர்னலும் இந்த மில்லுக்கு ஒழுங்காக வந்து இறங்கியிருக்கிறது. ஆனால் கிரப் பெரிய எண்ணைத்தான் மேலே வைக்கும். தினமும் பூட் ஆனது 5.13. ஆப்ட்டைக் கேட்டால் எல்லாம் புதுசு என்கிறது, ஓடுவதோ பழசு.

சரி, பழகுவது எப்படி? விர்ச்சுவல்பாக்ஸிலோ கியூஎமுவிலோ ஒரு மெய்நிகர் கணினி போதும். பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பை (கெர்னல் விருப்பங்களின் பட்டியல்) நகலெடுத்து, ‘மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்’ கொடுத்துத் தொடங்குங்கள். வெறுங்கையோடு முதலிலிருந்து தேர்வு செய்ய உட்காராதீர்கள். ஆயிரக்கணக்கான விருப்பங்கள் இருக்கின்றன. விருப்பங்களை மெனுவாகக் காட்டும் மெனுகான்ஃபிக்கில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை வரலாம்: கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பது, மாட்யூலாக வைப்பது, விட்டுவிடுவது. சாய்கோட்டை அழுத்தினால் தேடலாம். ஒவ்வொன்றின் உதவிக் குறிப்பையும் படியுங்கள், படிப்பே அங்கேதான் இருக்கிறது.

வட்டுக்கான டிரைவரும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையும் கெர்னலுக்குள் இருக்க வேண்டும், அல்லது பூட் தொடக்கத்தில் ஏற்றும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி கெர்னல் பேனிக்கில் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், எல்லோரும் ஒருமுறையாவது பார்க்கும் திரைதான் அது. லோக்கல்வெர்ஷன் என்ற விருப்பத்தில் ஒரு பெயர் கொடுங்கள், எது உங்களுடையது என்று தெரியும். பிழை தேடுவதற்கான டிபக் விவரங்களை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பல ஜிபி இடம் கூடப் போய்விடும்.

பணகுடிப் பக்கம் காற்றாலைகள் அத்தனை சுற்றினாலும் இங்கே கரண்ட் போகத்தான் செய்கிறது. பாதியில் நின்றால் மறுபடி மேக் கொடுங்கள், முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியிலிருந்து தொடரும். கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு மட்டும் காலியாகக் கிடந்து புரியாத பிழை காட்டும். அதை அழித்துவிட்டுத் தொடர்ந்தால் போதும்.

சொந்த லேப்டாப்பில் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீங்கள் கட்டிய கெர்னலில் கையொப்பம் இருக்காது, கையொப்பமில்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் அதை உள்ளே விடாது. செக்யூர் பூட்டை அணைக்கப் போனால், கூடவே விண்டோஸ் இருந்து அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரும் போட்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். முதலில் அதை எடுத்து வையுங்கள். கிரப் பட்டியல் சில வினாடிகளாவது திரையில் நிற்கும்படி மாற்றிவைத்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வேலை நடக்கும் கணினியில் தனிக் கெர்னல் உண்மையிலேயே தேவைப்படுவது அபூர்வம். அப்படி வந்தால், நீண்ட காலம் திருத்தம் வரும் லாங்டெர்ம் என்று குறித்திருக்கும் வரிசையில் ஒன்றை எடுங்கள், திருத்தம் வரும்போதெல்லாம் கட்டித் தரப்போவது யார் என்று முதலாளியிடம் பேசி முடிவு செய்யுங்கள். கான்ஃபிக் கோப்பை அந்தக் கணினியிலேயே விட்டுவையுங்கள். ‘மேக் பின்டெப்-பிகேஜி’ கொடுத்தால் கெர்னல், டெபியனின் நிறுவல் தொகுப்பான டெப் கோப்பாகவே கிடைக்கும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வருகிறவர் ஒரே கட்டளையில் அதை நீக்கிவிடலாம்.