முகத்துவாரத்தை வெட்டிவிடுவது போல ஒரு சுவிட்ச்

மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய ட்ரெட்மில்லில் கழற்றிய 180 வோல்ற் டிசி மோட்டரை நூல் சுற்றும் ராட்டையில் பூட்டி, தைரிஸ்டர் சேர்க்கிட் கொடுத்தேன். வேகத்தைக் குறைத்தால் திக்கித் திக்கி ஓடுகிறது, நூல் அறுந்துபோகிறது. ஏன்?"

டிசி மோட்டரின் வேகம் அதன் ஆமேச்சருக்கு, அதாவது உள்ளே சுழலும் சுருளுக்கு, கொடுக்கும் வோல்ற்றளவைப் பொறுத்தது. இது பாடசாலையில் படித்ததுதான். தடையொன்றைத் தொடராகப் போட்டும் குறைக்கலாம். ஆனால் மின்சாரம் சூடாக வீணாகும், சுமை ஏறியதும் வேகம் விழும். அதனால்தான் தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்ச்.

மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது சின்ன வாய்க்கால்தான். பாயத் தொடங்கிய நீர் தானே மணலை அரித்து வாயை அகலமாக்கிக்கொள்ளும். பிறகு வெட்டியவர் நினைத்தாலும் அடைக்க முடியாது; ஓட்டம் தணிந்தால்தான் மணல் மூடும். தைரிஸ்டரும் அப்படித்தான். பிடி151 வகையைத் திறக்க கேற் எனும் கட்டுப்பாட்டுக் காலில் 15 மில்லி அம்பியர் போதும். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள் பின்னியிருப்பது போன்ற நான்கு அடுக்கு: ஒன்றின் ஓட்டம் மற்றதைத் திறக்கும், அதன் ஓட்டம் முதலாவதைத் திறந்தே வைத்திருக்கும். கேற்றை விட்டாலும் நிற்காது. மூடுவது யார்? ஆடலோட்டமேதான் (ஏசி). 50 ஹேர்ட்ஸில் 10 மில்லி செக்கனுக்கு ஒருமுறை அது பூச்சியத்தைத் தொடுகிறது. செக்கனுக்கு 100 தடவை கூலியில்லாமல் கதவடைப்பு!

நம் கையில் இருப்பது கேற்றை எப்போது தட்டுவது என்பது மட்டும். இரண்டு தைரிஸ்டர், இரண்டு டயோட் கொண்டு ஏசியை டிசியாக்கும் பாலத்தில் 230 வோல்ற் கொடுத்து, அரை அலை (ஒரு பூச்சியத்திலிருந்து அடுத்த பூச்சியம் வரை) தொடங்கியதுமே தட்டினால் சராசரி 207 வோல்ற்; 5 மில்லி செக்கன் பிந்தினால் 103.

இனித் திக்கலுக்கு வருவோம். 8ஆவது மில்லி செக்கனில் தட்டினால் அலையில் மிஞ்சியிருப்பது 2 மில்லி செக்கன்தான். மோட்டருக்கு ஓட்டம் உதை உதையாகப் போகும். அதைவிட மோசமானது, கேற் துடிப்பு மிகக் குறுகியதாக இருப்பது. சுருளின் தூண்டல் ஓட்டத்தை மெதுவாகத்தான் ஏறவிடும். கேற்றை விட்ட பின்னும் திறந்தே நிற்கத் தேவையான 40 மில்லி அம்பியர் அளவை அது தொடுமுன் துடிப்பு முடிந்தால் தைரிஸ்டர் மறுபடி மூடிக்கொள்ளும். அந்த அரை அலை முழுவதும் வீண். அலை முடியும்வரை துடிப்புகளைத் தொடர்ந்து கொடுங்கள். ஆமேச்சரோடு தொடராக ஒரு சோக் (ஓட்டத்தைச் சீராக்கும் கம்பிச்சுருள்) போடுங்கள். மோட்டரோடு வந்த கனத்த சில்லைக் கழற்றிவிட்டிருந்தால் திரும்பப் பூட்டுங்கள், உதைகளை விழுங்குவது அதுதான்.

சோக், ஆமேச்சர் இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோட் வேண்டும். இல்லாவிட்டால், பாலம் கட்டிய விதத்தைப் பொறுத்து, கேற்றை நிறுத்திய பின்னும் ஒரு தைரிஸ்டர் அணையாமல் ஒன்றுவிட்ட அரை அலையைக் கடத்தக்கூடும்.

காந்தத்துக்குப் பதில் களச்சுருள் உள்ள பழைய மோட்டரென்றால் களத்துக்குத் தனி டயோட் பாலம் கொடுங்கள். கள வயர் கழன்றால், சுமையில்லாத மோட்டர் வெறிபிடித்தது போல வேகமெடுக்கும். கண்ணூறு என்று எலுமிச்சம்பழம் வெட்டுவோரும் உண்டு. இறுக்க வேண்டியது அந்த வயரின் ஆணியை.

வேகம் திருப்பும் குமிழ் பிளாஸ்ரிக்காகவே இருக்கட்டும். இந்தச் சேர்க்கிட்டில் அதன் காலும் மெயின் கறண்டோடு நேரடித் தொடுப்பில் இருக்கலாம்.