நாடா இல்லாத நெசவு

கோவையில் ஒரு கண்காட்சியில் காஷ்மீர் கானி சால்வையைப் புரட்டிப் பார்த்த திருப்பூர் வாசகர் கேட்கிறார்: “மாங்காய் டிசைனில் பத்துப் பன்னிரண்டு நிறம். ஆனால் சிறுமுகைப் பட்டுப்புடவையில் ஓடுகிற மாதிரி பின்பக்கம் நூல் ஓடவே இல்லையே, எப்படி?”

கெட்டிக்காரர், சரியான பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை, இதெல்லாம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஓர் ஓரத்தில் கிளம்பினால் மறு ஓரத்தைத் தொட்டுத்தான் திரும்பும். கானியில் நாடாவே கிடையாது. நிறத்துக்கொன்றாக நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள். அவற்றுக்குத்தான் கானி என்று பெயர். சிவப்புக் குச்சி தன் பூவிதழின் அகலத்துக்கு மட்டும் போகும். எல்லையில் பக்கத்துப் பச்சை நூலோடு கொக்கி போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். கொக்கி போடாவிட்டால் இரண்டு நிறத்துக்கும் நடுவே துணி பிளந்து நிற்கும். பின்பக்கத்தை விரலால் தடவினால் நிறம் மாறும் இடத்தில் மெல்லிய மேடு தட்டுப்படும். அந்தக் கொக்கிதான் அது.

இதைவிட எனக்குப் பிடித்தது தாலிம். நெசவாளர் முன்னால் படம் இருக்காது. எந்த நிறம் எத்தனை பாவு தாண்ட வேண்டும் என்று வரிவரியாகக் குறியிட்ட தாள்தான் இருக்கும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, தறியில் குச்சிகள் நகரும். துளைகளால் டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டை தறிக்குச் சொல்வதை இது மனிதருக்குச் சொல்கிறது. நுணுக்கமான சால்வைக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு இந்தச் சால்வைமேல் பைத்தியம். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் ஜக்கார்டு தறியில் நகலெடுத்துக் குவித்தது; நம் மாங்காய்க்கு அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. நகலின் பின்பக்கம் தேவையில்லாத நூல்கள் ஓடும், கத்தரித்துவிடுவார்கள். வாசகர் தேடியது அதைத்தான்.

கானி சால்வைக்கான மெல்லிய ஆட்டு ரோமம்தான் பஷ்மினா. சால்வை மோதிரத்துக்குள் நுழைந்தால் அசல் பஷ்மினா என்பது சும்மா வித்தை. மெல்லிய ரேயான் துணியும் நுழையும்.

பஷ்மினா இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்ரானைத் தாண்டிய இழையின் முனை வளையாமல் தோலைக் குத்தும். எங்கள் அப்பாரு பட்டிக்காவலுக்குப் போர்த்திய கருப்புக் கம்பளி ஏன் அப்படிக் குத்தியது என்று இப்போது புரிகிறது. நம் கோயம்புத்தூர் குறும்பை ஆட்டின் முரட்டு ரோமத்தை வேறு எதற்கு ஆக்கலாம் என்று ஆராயவும் நாலு காசு ஒதுக்கலாம். மேடைக்கு மேடை போர்த்தும் பாலியெஸ்டர் பொன்னாடைச் செலவில் பாதி போதும்.